பெர்த்தாவின் செருப்பு

சலமான்கா, 1586 அக்டோபர் 18, புனித லூக்கா திருநாள்

சேசு மரி சூசை

அன்புத் தங்கை லியோகாதியாவுக்கும் மாப்பிள்ளை காஸ்பருக்கும், சாமிநாதர் சபை மடத்திலிருந்து பெர்னபே எழுதுவது.

இங்கே நான் சுகம். இடது கண்ணில் நீர் வடிவது மட்டும் நிற்கவில்லை. அங்கே நீங்கள் இருவரும், உங்கள் மகள், என் மருமகள் பிரியாண்டாவும், வேலைக்காரி குயோமாரும் சுகமா? செகோவியாவில் குளிர் இதற்குள் தொடங்கியிருக்கும்.

மாப்பிள்ளை, நான் எழுதிவரும் ‘வீடும் நாடும்’ நூலின் முதல் அத்தியாயத்தைக் கோவேறு கழுதைக்காரன் தோரிபியோவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அச்சுச் செலவை ஏற்பதாகச் சொன்ன உங்கள் கண்ணில்தான் அது முதலில் பட வேண்டும். வீடு என்பது நாட்டின் விதை. அரசனுக்கு நாடு எப்படியோ, தகப்பனுக்கு வீடு அப்படி. கீழ்ப்படிதலை வீட்டில் கற்காதவன் நாட்டிலும் கற்க மாட்டான். அத்தியாயத்தின் சாரம் இதுதான். அடுத்த அத்தியாயங்களில் இந்த ஆட்சியின் எல்லைகளைச் சொல்வேன்.

தங்கச்சி, நீ எனக்கு ஓர் உதவி செய். வேலையை யார் பிரித்துக் கொடுக்கிறார்கள், தவறு செய்தவரை யார் கண்டிக்கிறார்கள் என்று உன் வீட்டு நடைமுறையை எழுதி அனுப்பு. மடத்தில் இருந்துகொண்டு வீட்டைப் பற்றி எழுதுவது, கரையில் நின்று மீனைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.
பெர்னபே

*

செகோவியா, 1586 நவம்பர் 6

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கு லியோகாதியா வணக்கத்துடன் எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உங்கள் கண்ணுக்குக் கொதித்து ஆறிய ரோஜா நீரை வைத்துக் கழுவுங்கள். பிரியாண்டா நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறாள்.

வருகிற கடிதங்களை இவர் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தார். “கேட்டியாடி? அரசனுக்கு நாடு எப்படியோ, தகப்பனுக்கு வீடு அப்படியாம். உங்க அண்ணன் மடத்துல சும்மா உக்காந்து தின்னலை,” என்றார். குயோமார் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, “அப்போ ராஜாவே, விறகு தீந்துபோச்சு. நாட்டுக்கு என்ன உத்தரவு?” என்றாள். இவரும்தான் சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை தோன் நூன்யோ விருந்துக்கு வந்தார். நகரசபையில் இருப்பவர், மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிறது. சபையில் தனக்கும் ஓர் இடம் வாங்கித் தருவார் என்று இவர் நம்புகிறார். பிரியாண்டாதான் பரிமாறினாள். நம் பட்டறையில் துணி கத்தரிக்கும் லூக்காஸ் இப்போது வேலைக்கு வருவதில்லை. இவர் வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

வீட்டு நடைமுறை கேட்டீர்கள். என் வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு ரொட்டிக்காரர் இருக்கிறார். மகளை ஒரு பெரிய மனிதருக்குக் கொடுக்க நினைக்கிறார். மகள் வேண்டாம் என்கிறாள். தகப்பன் வற்புறுத்தினால் தாய் என்ன செய்ய வேண்டும்? புருஷன் சொல்லுக்கு அடங்கி இருப்பதா, வெளியே போய்ச் சொல்வதா? அந்த அம்மாள் என்னிடம் கேட்கிறாள். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களே, அதுபோலத் தனித்தாளில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பெண் வாய்ச்சொல்லை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வழக்கம்போல இந்தக் கடிதத்தையும் இவர் பார்த்துத்தான் அனுப்புகிறார்.

உங்கள் தங்கை
லியோகாதியா

*

சலமான்கா, 1586 நவம்பர் 24

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

ரோஜா நீர் நல்ல பலன் தந்தது. எல்லோரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி.

நீ அனுப்பிய வழக்கு எனக்கு மூன்று நாள் விருந்து. அந்தப் பெண்ணுக்குப் பெர்த்தா என்று பெயர் வைத்தேன். எங்கள் வகுப்பில் வழக்குகளில் வரும் பெண்கள் எல்லோருக்கும் அதே பெயர்தான், முகம் கிடையாது. தனித்தாளில் விவரமாக எழுதியிருக்கிறேன். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

தகப்பன் வீட்டை ஆளலாம். ஆனால் கல்யாணச் சம்மதம் என்ற இடத்தில் அவன் கோல் ஓடாது. அரசன் கோலே ஓடாது. பெற்றோர் சம்மதிக்காத கல்யாணத்தைத் திருச்சபை விரும்பவில்லை. ஆனால் அது செல்லாது என்று சொல்பவனைச் சபிக்கிறது. கடும் அச்சத்தால் பெறப்பட்ட சம்மதம் சம்மதமே அல்ல. அப்படிப்பட்ட நிலையில் ஆயரின் நீதிபதி பெண்ணைத் தகப்பன் வீட்டிலிருந்து எடுத்து, நேர்மையான வேறொரு வீட்டில் ஒப்படைத்து, தகப்பன் இல்லாத இடத்தில் மூன்று முறை அவள் விருப்பத்தைக் கேட்கலாம். நடப்பதை அறிந்த தாய் வாய்மூடி இருந்தால் அந்தப் பாவத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. மனைவியின் கீழ்ப்படிதல் பாவத்தின் வாசலில் நின்றுவிடுகிறது.

பக்கத்து அறையில் இருக்கும் ஆசிரியர் படித்துப் பார்த்து, ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம் என்று தானும் கையெழுத்திட்டார். ரொட்டிக்காரர் வீட்டம்மாவிடம் கொடு.

உன் வீட்டைப் பற்றி மட்டும் நீ எழுதவே இல்லையே?

பெர்னபே

*

செகோவியா, 1586 டிசம்பர் 15

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பனி முழங்கால் அளவு கிடக்கிறது.

உங்கள் தாளையும் இவர் மேசையில் படித்தார். “‘பெர்த்தாவை வீட்டிலிருந்து எடுக்கலாம்!’ பாவம்டி ரொட்டிக்காரன். மாவைப் பிசைவானா, மகளைக் காவல் காப்பானா?” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அதை மடித்து என்னிடம் கொடுத்து, “போய் அந்த அம்மாகிட்ட குடு. நம்ம வீட்டுப் படிப்பு நாலு பேருக்குப் பயன்படட்டும்,” என்றார். பிரியாண்டா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அந்த அம்மாளுக்கு இன்னொரு சந்தேகம். கடும் அச்சம் என்றால் எவ்வளவு கடுமை? தகப்பன் அடிக்கவில்லை. கத்தி காட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. மகளுடைய தக்கை அடிவைத்த செருப்புகளை எல்லாம் கம்பளிப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கௌரவமான வீட்டுப் பெண் செருப்பில்லாமல் வாசல் தாண்டுவாளா? பூசைக்குப் போவதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதில்லை. யாரிடமும் எதுவும் சொல்ல வழியில்லை. சரி என்று சொல்லும் நாளில் செருப்பு வரும் என்கிறார்.

இது அச்சத்தில் சேருமா?

இவர் கூப்பிடுகிறார்.

லியோகாதியா

*

சலமான்கா, 1587 ஜனவரி 9

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் கிறிஸ்து பிறப்புத் திருநாள், மூவரசர் திருநாள் வாழ்த்துகள்.

தோரிபியோ வாயால் நல்ல செய்தி கேட்டேன். தோன் நூன்யோவுக்கும் பிரியாண்டாவுக்கும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றில் முதலாவதை வாசித்தாயிற்றாமே! தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்குமுன் முடிக்க நினைக்கிறீர்கள் போலும். தாய்மாமனுக்கு ஒரு வரி எழுதக்கூடாதா? மருமகளுக்கு என் ஆசியும் ஒரு சிறு ஜெபமாலையும் அனுப்புகிறேன்.

ரொட்டிக்காரர் வழக்குக்கு வருகிறேன். நூல்கள் சொல்வது, திடமான மனிதனையும் அசைக்கும் அச்சமே கடும் அச்சம். உயிர்ப்பயம், அடி, நீண்ட சிறை ஆகியவை அதில் சேரும். தகப்பனின் முகக்கோபம் சேராது. செருப்பு அற்ப விஷயம் என்றே தோன்றுகிறது. ஆனாலும் இரண்டு நாளாக இதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

அந்த ரொட்டிக்காரர் பெயர் என்ன? உன் தெருவில் ரொட்டிச் சூளை பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பெர்னபே

*

செகோவியா, 1587 ஜனவரி 28

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை இவர் பார்க்கவில்லை. தோரிபியோ சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறான்.

எங்கள் தெருவில் ரொட்டிக்காரர் யாரும் இல்லை.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. பிரியாண்டாவைக் கேட்காமலே வாசித்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்று இவர் பங்குக்குருவிடம் சொல்லியிருந்தார். அவள் லூக்காஸைத் தவிர யாரையும் கட்ட மாட்டேன் என்று செப்டம்பரிலேயே சொல்லிவிட்டாள். இவர் கம்பளி வாங்க மெதினா சந்தைக்குப் போன அன்று உங்கள் தாளை எடுத்துக்கொண்டு ஆயரின் நீதிபதியிடம் போனேன். அவர் இரண்டு பக்கமும் படித்தார். “இது பெர்த்தாங்கிற பொண்ணைப் பத்தி இருக்கு. நீங்க யாரும்மா?” என்றார்.

“பெர்த்தாவோட அம்மா,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சேவகர் இருவர் வந்தார்கள். இவரும் திரும்பியிருந்தார். “யாரைக் கேட்டு உள்ள வர்றீங்க? இது என் வீடு. இங்க நான்தான் ராஜா. சலமான்காவுல பெரிய சாமியாரே எழுதியிருக்காரு, காட்டட்டுமா?” என்று உங்கள் அத்தியாயத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மூத்த சேவகர், “வேணாங்க. அதே சாமியார் எழுதின வேற தாளோடதான் நாங்க வந்திருக்கோம்,” என்று உங்கள் கையெழுத்தைக் காட்டினார். அண்ணா, அப்போது இவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

பெட்டிச் சாவியை இவர் தரவில்லை. குயோமார் கம்பளித் துண்டுகளைக் கிழித்துப் பிரியாண்டாவின் பாதங்களில் சுற்றிக் கட்டினாள். அப்படியே மகள் பனியில் நடந்து, நீதிபதி குறித்த விதவை யுஸ்தா அம்மாள் வீட்டுக்குப் போனாள். தெருவே கதவைத் திறந்துவைத்துப் பார்த்தது. அவள் ஒருமுறைகூடக் குனிந்து காலைப் பார்க்கவில்லை.

திடமான மனிதனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். திடமான மனிதனுக்குச் செருப்பு இருக்கிறது, அண்ணா. அதனால்தான் அவன் திடமாக நிற்கிறான்.

நீதிபதி உங்களுக்கு எழுதுவார். அந்தத் தாள் இந்த வழக்குக்குப் பொருந்துமா என்று கேட்பார். நீங்கள் பொருந்தாது என்றால் பிரியாண்டாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் ஓலை பாக்கி.

உங்கள் கண் எப்படி இருக்கிறது?

லியோகாதியா

*

சலமான்கா, 1587 பிப்ரவரி 6

சேசு மரி சூசை

லியோகாதியாவுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

என்ன செய்துவிட்டாய்? என் கையெழுத்தை என் மாப்பிள்ளையின் கழுத்தில் மாட்டினாய். பெர்த்தா யார் என்று தெரிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். தன் குடும்ப வழக்கில் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது பாலபாடம். நீதிபதியின் கடிதம் வந்துவிட்டது. மடத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உன் எழுத்து ஒரு வீட்டுக்குள்ளேயே கலகம் மூட்டிடுச்சாமே, நாட்டுக்குள்ள விட்டா என்ன ஆகும்?” என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நான் செருப்பை அற்ப விஷயம் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அதையே நீதிபதிக்கும் எழுதினால் பொய்யாகாது. நீ போய்க் காஸ்பரிடம் மன்னிப்புக் கேள். அவர் முரடர் அல்ல. எல்லாம் அடங்கிவிடும்.

உடனே பதில் எழுது.

பெர்னபே

*

செகோவியா, 1587 பிப்ரவரி 16

சேசு மரி சூசை

சாமியார் மச்சானுக்குக் காஸ்பர் எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இன்னும் ஒரு கடிதம் எழுதும் வேலை உங்களுக்கு இருக்கிறது.

உங்கள் தங்கை இனி எழுத மாட்டாள். மைக்கூடு என் அறையில் இருக்கிறது.

‘தகப்பனுக்கு வீடு அப்படி’ என்று எழுதிய கையும், ‘பெர்த்தாவை எடுக்கலாம்’ என்று எழுதிய கையும் ஒரே கைதானா, இல்லை மடத்தில் ஆளுக்கொரு கை வாடகைக்கு விடுகிறீர்களா? நான் துணி வியாபாரி. முன்பக்கம் ஒரு நிறமும் பின்பக்கம் ஒரு நிறமுமாக நெய்து கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மச்சான், நான் என் மகளை ஒருநாளும் அடித்ததில்லை. தெரு முழுக்கப் பார்க்க அவள் வெறுங்காலோடு போனாள். நகரசபையில் இப்போது என்னைப் ‘பெர்த்தா அப்பா’ என்கிறார்கள். தோன் நூன்யோ வழியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறார். தவக்காலமும் வந்துவிட்டது. ஈஸ்டருக்குப் பிறகாவது கல்யாணம் நடக்க வேண்டும். தாள் பொருந்தாது என்று ஒரு வரி எழுதுங்கள். அச்சகத்தாரிடம் நான் பேசுகிறேன். எழுதாவிட்டால் உங்கள் புத்தகத்தை நீங்களே உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள்.

காஸ்பர்

*

சலமான்கா, 1587 மார்ச் 8

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

இதைத் தோரிபியோ குயோமாரின் கையில் கொடுப்பான். உனக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. சுகமாக இருக்கிறாயா? அதையாவது சொல்லி அனுப்பு.

ஒரு மாதமாக எந்த இடத்திலும் உட்கார முடியவில்லை. பாடம் நடத்தும்போதும் நடந்துகொண்டே நடத்துகிறேன். நீதிபதிக்கு ‘பொருந்தாது’ என்று எழுதினேன். முத்திரை வைக்க மெழுகு உருக்கும்போது அணைத்துவிட்டேன். ‘பொருந்தும்’ என்று எழுதினேன், அதையும் அனுப்பாமல் ஒதுக்கிவிட்டேன். கடைசியில் வழக்கை மாணவர்கள் முன் வைத்தேன், பெயர் சொல்லாமல். பாதிப் பேர் செருப்பு அற்பம் என்றார்கள். பர்கோஸ் ஊர்க்காரன் ஒருவன், மணியகாரர் மகன், எழுந்து, “குருவே, பெர்த்தாவுக்குத் தாய்மாமன் யாராவது உண்டா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. “ஏன்?” என்றேன். “எங்க ஊர்ல பொண்ணு அழுதா, அப்பனைக் கேக்க முடியாதவங்க தாய்மாமனைத்தான் கேப்பாங்க,” என்றான்.

பாடத்தை அத்துடன் முடித்துவிட்டேன்.

பிற்பகல் மடத்து முற்றத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிவந்தேன். பனி உருகிச் சேறாகக் கிடந்தது. இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டேன். எனக்கு யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை; கழற்றிவிட்ட இடத்திலேயே இருந்தது.

நீதிபதிக்கு எழுதிவிட்டேன். தாள் பொருந்தும். பெர்த்தா என் தங்கை மகள். அது தெரியாமல் எழுதினேன், தெரிந்தும் மாற்றவில்லை. என் உறவைக் காரணம் காட்டி அதை ஒதுக்கினால், உடன் கையெழுத்திட்ட ஆசிரியரைக் கேட்கலாம். மகளின் செருப்பைப் பூட்டுவது சிறைதான் என்றும் சேர்த்தேன்.

முதல் அத்தியாயத்தை நூலிலிருந்து எடுத்துவிட்டேன். எல்லையை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளிவைத்தது பிழை. முதல் அத்தியாயத்தோடு வாசிப்பை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பதில் என்ன வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. செய்தது சரி என்று மனம் சொல்கிறது. ஆனால் உன் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று நினைத்தால் அந்த மனமே அடங்குவதில்லை.

பெர்னபே

*

செகோவியா, 1587 மார்ச் 21

சேசு மரி சூசை

மரியாதைக்குரிய மாமாவுக்கு மருமகள் பிரியாண்டா எழுதுவது. நான் சுகம். யுஸ்தா அம்மாள் வீட்டில் வேளாவேளைக்குக் கொண்டைக்கடலைக் குழம்பு. தவக்காலம் என்பதால் கறி இல்லாமல். நீங்கள் சுகமா?

உங்கள் கடிதம் நீதிபதிக்கு வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தோன் நூன்யோவைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று மூன்று முறை. முதல் தடவை “இல்லை” என்றேன். இரண்டாம் தடவையும் “இல்லை” என்றேன். மூன்றாம் தடவை, “சாமி, உங்களுக்குக் காது மந்தமா?” என்று கேட்டுவிட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்கப் பேனாவைக் கடித்தார். லூக்காஸைப் பற்றிக் கேட்டபோது ஒருமுறைதான் கேட்டார்கள். ஏப்ரல் 13-ஆம் தேதி கல்யாணம். லூக்காஸ் எனக்குப் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறார். ஒரு காலுக்குப் பெரிது. சொல்லவில்லை.

மாமா, அம்மாவைப் பார்த்து ஆறு வாரத்துக்கு மேலாகிறது. குயோமார் காய்கறி வாங்க வரும்போது சொல்கிறாள்: இப்போது கம்பளிப் பெட்டியில் இருப்பது அம்மாவின் செருப்புகள். அப்பா கத்துவதில்லை, பேசுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பூசைக்குப் போய்விட்டு வருகிறார். கேட்பவர்களிடம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்கிறார்.

நான் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன்: “நீ வராம நான் கட்டிக்க மாட்டேன்.” அம்மா திருப்பிச் சொல்லி அனுப்பினார்: “போடி பைத்தியம். உனக்காகத்தான் இவ்வளவும். தேதியை மாத்தினா செவுள்ல விடுவேன்.”

நீங்கள் இன்னொரு தாள் எழுத முடியுமா, மாமா? மனைவிகளுக்கு?

பிரியாண்டா

*

செகோவியா, 1587 ஏப்ரல் 18

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கு லியோகாதியா எழுதுவது. மைக்கூடு எப்படிக் கிடைத்தது என்றால், கேட்டேன், குயோமார் இவர் அறைக்குப் போய் எடுத்துவந்தாள். இவர் தடுக்கவில்லை.

பிரியாண்டா கல்யாணம் முடிந்தது. பங்குக்குருவும் சாட்சிகளும் முன்னால் நிற்க, கேட்கும்படி “சம்மதம்” என்றாள். பின்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

ஆமாம், போனேன். மழை பெய்து தெருவெல்லாம் சேறு. ஆள் நடமாட்டமில்லாத பட்டறைத் தெரு வழியாகப் போகாமல் பெரிய தெரு வழியாகவே போனேன். கோயில் வாசலில் தோன் நூன்யோவின் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என் காலைப் பார்த்து, “ஏம்மா லியோகாதியா, நேர்த்திக்கடனா?” என்றாள். “ஆமாங்க. கல்யாணமான நாள்லேர்ந்து இருபத்திரண்டு வருஷ நேர்த்திக்கடன், இன்னிக்குத்தான் முடிஞ்சுது,” என்றேன்.

திரும்பி வரும்போது கதவு திறந்திருந்தது. இவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என் காலையும் தரையில் விழுந்த சேற்றுத் தடத்தையும் பார்த்தார்.

“எங்க போனே?”

“கல்யாணத்துக்கு.”

“பாத்தாங்களா?”

“எல்லாரும் பாத்தாங்க.”

வெகுநேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “என்ன உடுத்தியிருந்தா?” என்று கேட்டார். பச்சை என்றேன், நம் பட்டறைத் துணிதான் என்றேன். தலையை ஆட்டினார். இடுப்பிலிருந்து பெட்டிச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

இன்றோடு ஐந்து நாள். இவர் அதைத் திரும்ப எடுக்கவில்லை. நானும் தொடவில்லை. அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். குயோமார் மேசை துடைக்கும்போது, “இது எந்த நாட்டு எல்லைக்கல்லும்மா?” என்று கேட்டுக்கொண்டு சுற்றித் துடைக்கிறாள்.

புருஷன் செருப்பைப் பூட்டிவைத்திருக்கும்போது வெறுங்காலோடு கோயிலுக்குப் போகும் மனைவி கீழ்ப்படிதலை மீறியவளா, இல்லையா? வழக்கமாக ரொட்டிக்காரர் வீட்டம்மா பெயரில் கேட்பேன். இந்த முறை என் பெயரிலேயே எழுதுகிறேன். பதில் எழுத வேண்டாம். போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் பாதங்கள் கொஞ்சம் வெடித்திருக்கின்றன, கொழுப்பு தடவுகிறேன். மற்றபடி சுகம்.

உங்கள் தங்கை
லியோகாதியா